டிசம்பர் மாதச் செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும்? ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ், பெர்த், ஸ்டர்லிங், டண்டீ: வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

“வேலை வீட்டிலிருந்துதான். எடின்பரோ வாடகை கட்டுப்படியாகவில்லை. இன்வர்னஸ் போய்விடலாமா?” இந்தக் கேள்வி எனக்கு வருவது அநேகமாக ஜூன், ஜூலையில்தான். கேட்பவர் அப்போதுதான் நான்கு நாள் சுற்றுலா வந்து, இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் மங்காத நெஸ் ஆற்றங்கரையில் கையில் ஐஸ்கிரீமோடு நடந்துவிட்டுப் போயிருப்பார். நானும் அப்படித்தான் மயங்கினேன். ஒரு முழுக் குளிர்காலத்தை இன்வர்னஸில் கழித்துவிட்டு, அடுத்த ஏப்ரலில் மூட்டை கட்டிக்கொண்டு பெர்த்துக்கு வந்து சேர்ந்தேன். இன்வர்னஸ் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் கிடையாது. கேட்க வேண்டியதைக் கேட்காமல் போனது என் தவறு.

ஸ்காட்லாந்தில் ‘நகரம்’ என்ற பட்டம் உள்ள ஊர்கள் மொத்தம் எட்டு. அந்தப் பட்டம் அரசர் தருவது, தலையை எண்ணித் தருவது அல்ல. இன்வர்னஸுக்கு 2000-லும், ஸ்டர்லிங்குக்கு 2002-லும், பெர்த்துக்கு 2012-லும் கிடைத்தது. 2022-ல் பட்டம் வாங்கிய டன்ஃபர்ம்லின் எடின்பரோவுக்கு வேலைக்குப் போய்வருபவர்களின் ஊர் என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன். டண்டீ கொஞ்சம் பெரியதுதான். ஆனாலும் சின்ன ஊரைத் தேடுபவர்கள் பலர் கடைசியில் போய்ச் சேருவது அங்கேதான் என்பதால் சேர்த்துக்கொண்டேன்.

## எதை வைத்து எடை போடுவது?

வாடகையும் மலைக்காட்சியும் கடைசியில் பார்க்க வேண்டியவை. முதலில் பார்க்க வேண்டியது, மாதத்தில் எத்தனை முறை நீங்கள் அந்த ஊரை விட்டு வெளியே போக வேண்டியிருக்கும் என்பது. அலுவலகம் வாரம் ஒருநாள் நேரில் வரச் சொல்கிறதா? வருடத்துக்கு இரண்டு தடவை விமானம் ஏறுவீர்களா? கிளாஸ்கோவில் உறவினர்கள் இருக்கிறார்களா? இதைத் தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். பலருக்கு நினைத்ததைவிட இரண்டு மடங்கு வரும்.

அடுத்தது வெளிச்சம். டிசம்பர் கடைசியில் இன்வர்னஸில் சூரியன் காலை ஒன்பது மணியளவில் எழுந்து மூன்றரைக்கு விழுந்துவிடும். ஒன்பதிலிருந்து ஐந்து வரை லண்டன் நேரத்துக்கு வேலை பார்ப்பவருக்குப் பகல் முழுவதும் திரைக்குள்ளேயே போய்விடும். மிஞ்சுவது மதிய இடைவேளை ஒன்றுதான். ஆகவே வீட்டிலிருந்து பத்து நிமிடத்துக்குள் நடக்க ஓர் இடம் இருக்கிறதா என்பது சின்ன விஷயமே இல்லை. சென்னைக் குழுவோடு வேலை செய்பவர்கள் இதில் அதிர்ஷ்டசாலிகள். சென்னையில் காலை ஒன்பதரை என்றால் இங்கே குளிர்காலத்தில் விடிகாலை நான்கு. கொடுமைதான். ஆனால் மதியம் ஒரு மணிக்கு வேலை முடிந்துவிடும், இரண்டரை மணி நேர வெயில் (இருந்தால்) உங்களுக்கே.

மூன்றாவது, கார் இல்லாமல் சமாளிக்க முடியுமா என்பது. இந்திய ஓட்டுநர் உரிமம் இங்கே 12 மாதம்தான் செல்லும். அப்புறம் எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு எல்லாம் முதலிலிருந்து. மருத்துவமனை, ரயில் நிலையம், காய்கறிக் கடை மூன்றும் காலால் அல்லது பஸ்ஸால் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

நான்காவதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்: கூட வருபவருக்கு அங்கே வேலை கிடைக்குமா? உங்களுக்கு வேலை லேப்டாப்பில் இருக்கிறது. துணைவருக்கு?

## நான்கு ஊருக்கும் பொதுவானவை

வருமான வரி நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது, கம்பெனி எங்கே இருக்கிறது என்பதை அல்ல. லண்டன் கம்பெனியில் 50,000 பவுண்டு வாங்குபவர் ஸ்காட்லாந்துக்கு வீடு மாறினால் வருடத்துக்கு ஏறக்குறைய 1,500 பவுண்டு கூடுதலாக வரி கட்டுவார். இங்கே 43,662 பவுண்டுக்கு மேல் 42 சதவீதம். இங்கிலாந்தில் 50,270-க்கு மேல்தான் 40 சதவீதம். வாடகையில் மிச்சம் பிடிப்பதாகக் கணக்குப் போடும்போது இதையும் கழித்துவிடுங்கள்.

வரவுப் பக்கத்தில், மருந்துச் சீட்டுக்குக் காசு கிடையாது (2011 ஏப்ரல் முதல்), கண் பரிசோதனை இலவசம், 22 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அட்டை இருந்தால் பஸ் இலவசம். குடிநீர், கழிவுநீர்க் கட்டணம் கவுன்சில் வரியோடு (உள்ளாட்சி வீட்டு வரி) சேர்ந்தே வரும். தனியாக வசிப்பவருக்கு அந்த வரியில் 25 சதவீதம் தள்ளுபடி உண்டு, ஆனால் கேட்டால்தான் தருவார்கள்.

முக்கியமான இன்னொன்று: 2017 டிசம்பருக்குப் பிறகு போடப்படும் சாதாரண வாடகை ஒப்பந்தங்களுக்கு இங்கே முடிவுத் தேதி கிடையாது. 28 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு எப்போது வேண்டுமானாலும் காலி செய்யலாம். முன்பணம் இரண்டு மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, அதையும் அங்கீகரிக்கப்பட்ட காப்புத் திட்டத்தில் போட்டாக வேண்டும். வீட்டு முகவர் ‘பதிவுக் கட்டணம்’ என்று எதையாவது கேட்டால் அது சட்டவிரோதம். ஆக, தப்பான ஊருக்குப் போய்விட்டாலும் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். செலவு வேன் வாடகையும், பழைய முன்பணம் திரும்புவதற்குள் புது முன்பணம் புரட்டுவதும்தான்.

விசா பற்றி ஒரு வரி. பார்வையாளராக வந்திருக்கும்போது சொந்த நாட்டு அலுவலக வேலையை இடையிடையே பார்த்துக்கொள்ள 2024 ஜனவரி 31 முதல் விதி இடம் தருகிறது. அதுவே வருகையின் முக்கிய நோக்கமாக இருக்கக் கூடாது. குடியேறி வாழ்வதற்கென்று தொலைவேலை விசா பிரிட்டனில் இல்லை. நான் எழுதுவது ஏற்கெனவே இங்கே தங்க உரிமை உள்ளவர்களுக்கு.

## ஒரே பார்வையில்

| | இன்வர்னஸ் | பெர்த் | ஸ்டர்லிங் | டண்டீ |
|---|---|---|---|---|
| மக்கள்தொகை (சுமாராக) | 48,000 | 47,000 | 38,000 | 1,48,000 |
| எடின்பரோவுக்கு ரயிலில் | மூன்றரை மணி நேரம் | 1 மணி 20 நிமிடம் முதல் | 50 நிமிடம் | 1 மணி 20 நிமிடம் |
| கிளாஸ்கோவுக்கு ரயிலில் | மூன்றேகால் மணி நேரத்துக்கு மேல் | 1 மணி நேரம் | 30–40 நிமிடம் | ஒன்றரை மணி நேரம் |
| டிசம்பர் இறுதிப் பகல் | ஆறரை மணி நேரம் | 7-க்குச் சற்றுக் குறைவு | 7-க்குச் சற்றுக் குறைவு | 7-க்குச் சற்றுக் குறைவு |
| பெரிய மருத்துவமனை | ஊருக்குள்ளேயே | ஊரில் உண்டு, சிக்கலான பிரசவம் முதலிய பலவற்றுக்கு டண்டீ | லார்பர்ட்டில், ஊருக்கு வெளியே | ஊருக்குள்ளேயே |
| மதிய நடைக்கு | நெஸ் ஆறும் தீவுகளும் | இரண்டு ‘இஞ்ச்’ மைதானங்கள் | கோட்டையடி பாதை | டே ஆற்று முகத்துவாரம் |

## இன்வர்னஸ்: அழகுக்கு முதலிடம், தூரத்துக்கும்தான்

மதிய நடைக்கு இதை அடிக்க மற்ற மூன்றாலும் முடியாது. ஊர் மையத்திலிருந்து ஆற்றோரமாகவே போனால் நெஸ் தீவுகள். தொங்குபாலத்தால் இணைத்த குட்டித் தீவுகள், உயரமான மரங்கள். அரைமணியில் சுற்றிவிட்டு மேசைக்குத் திரும்பிவிடலாம். பழைய கேலிக் மொழித் தேவாலயத்துக்குள் இயங்கும் லீக்கீஸ் பழைய புத்தகக் கடையில் நடுவே விறகடுப்பு எரிந்துகொண்டிருக்கும். பிப்ரவரியில் நான் பைத்தியம் பிடிக்காமல் இருந்ததற்கு அந்த அடுப்பும் ஒரு காரணம். ரெய்க்மோர் மருத்துவமனை ஊரிலேயே இருக்கிறது. சின்ன விமான நிலையத்திலிருந்து லண்டன் ஹீத்ரோ, ஆம்ஸ்டர்டாம் போய் அங்கிருந்து இந்தியாவுக்கு விமானம் மாறலாம். 2023 முதல் விமான நிலையத்தின் பக்கத்திலேயே ரயில் நிலையமும் வந்துவிட்டது. ஊருக்குப் போகிற விஷயத்தில் பெர்த்தைவிட இன்வர்னஸ் வசதி என்றுகூடச் சொல்வேன்.

மறைமுகச் செலவுகள் இரண்டு. ஒன்று, அஞ்சல் குறியீடு. இங்கே அது ‘ஐவி’ என்று தொடங்கும். இணையக் கடைகள் ‘பிரிட்டன் முழுவதும் டெலிவரி இலவசம்’ என்று பெரிதாகப் போட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் ‘ஹைலாண்ட்ஸ் நீங்கலாக’ என்று சேர்த்திருப்பார்கள். ஹைலாண்ட்ஸ் என்பது இன்வர்னஸ் இருக்கும் வடக்கு மலைப்பகுதி. வேலைக்கென்று ஒரு நல்ல நாற்காலி வாங்கினேன். நாற்காலி விலையில் கால்வாசியைக் கொண்டுவந்து போடுவதற்கே கேட்டார்கள். கட்டில், மெத்தை, மேசை என்று குடித்தனம் தொடங்கும் முதல் மாதத்தில் இது நன்றாகக் கடிக்கும்.

இன்னொன்று தூரம். தெற்கே போகும் ரயில் பாதை டிரமாக்டர் கணவாயைக் கடக்கிறது. பிரிட்டனின் முக்கிய ரயில் பாதைகளிலேயே உயரமான இடம் அது, 452 மீட்டர். பக்கத்திலேயே ஏ9 நெடுஞ்சாலை. பனி கொட்டினால் இரண்டும் ஒன்றாகத் திணறும். ஜனவரியில் எடின்பரோ கூட்டத்துக்கு முதல் நாளே கிளம்பி ஓட்டலில் தங்கிய செலவை நான் வாடகைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

கோடையில் வந்து இறங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அது சுற்றுலாப் பருவம். வீடு கிடைக்கும்வரை தற்காலிகமாகத் தங்க அறை தேடினால் ஒரு வாரத்துக்கே மாத வாடகை அளவு போய்விடும். வாடகை வீடுகளும் குறைவு.

யாருக்குச் சரி: அலுவலகத்துக்கு வருடத்தில் நான்கைந்து முறைக்கு மேல் போக வேண்டியதில்லை, மலையேற்றம், சைக்கிள் என்று வார இறுதியில் வெளியே கிளம்பும் பழக்கம் உண்டு, கார் உண்டு என்றால் யோசிக்கவே வேண்டாம்.

## ஸ்டர்லிங்: ரயிலில் ஏறுபவர்களின் ஊர்

நான்கில் சின்னது இதுதான். ஆனால் எடின்பரோ, கிளாஸ்கோ இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ள ஒரே ஊரும் இதுதான். வாரம் ஓரிரு நாள் அலுவலகம் போகிறவர் என்றால் மற்ற மூன்றையும் மறந்துவிடலாம். ஸ்காட்ரெயில் நிறுவன ரயில்களில் நெரிசல் நேரக் கூடுதல் கட்டணமும் 2025 செப்டம்பரில் நீங்கிவிட்டதால் காலை எட்டு மணி ரயில் முன்போல வலிக்காது. விமானத்துக்கு எடின்பரோ பார்க் நிலையத்தில் இறங்கி டிராம் பிடித்தால் போதும்.

குறை என்ன? பெரிய மருத்துவமனை லார்பர்ட்டில் இருக்கிறது. நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் டாக்ஸிதான். பல்கலைக்கழகம் ஊருக்கு வெளியே என்றாலும் மாணவர்கள் ஊருக்குள்ளும் வீடு தேடுவார்கள். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் வாடகை வீட்டுக்கு அலையாதீர்கள். மேல்பகுதிப் பழைய ஊர் படத்தில் அழகு, கல் பாவிய செங்குத்துச் சாலையில் மளிகைப் பையோடு ஏறும்போது அழகு தெரியாது. மாலையில் ஏதாவது வேண்டுமென்றால் ஊர்க்காரர்களே கிளாஸ்கோவுக்கு ரயில் ஏறிவிடுகிறார்கள். தூரம் குறைவாக இருப்பதால் வரும் குறை இது.

## டண்டீ: துணைவருக்கும் வேலை வேண்டுமென்றால்

சணல் ஆலைகளால் வளர்ந்த ஊர். கல்கத்தாவிலிருந்து வந்த சணல் இங்கே சாக்காகி உலகம் முழுக்கப் போனது. ஆலைகள் மூடி, பல காலம் சோர்ந்து கிடந்து, இப்போது வேறு முகம் காட்டுகிறது. 2018-ல் ஆற்றங்கரையில் திறந்த வி அண்ட் ஏ அருங்காட்சியகம் (வடிவமைத்தவர் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கெங்கோ குமா) ரயில் நிலையத்திலிருந்து எட்டிப் பார்க்கும் தூரம். கணினி விளையாட்டுத் துறையில் இந்த ஊருக்குத் தனிப் பெயர் உண்டு. அபர்டே பல்கலைக்கழகம் 1997-லேயே அதற்கென்று பட்டப்படிப்பு தொடங்கியது. நைன்வெல்ஸ் போதனா மருத்துவமனை வேறு. மருத்துவம், ஆய்வு, மென்பொருள், பராமரிப்பு வேலை என்று துணைவர் தேடக்கூடிய வேலைகள் நான்கில் இங்கேதான் அதிகம்.

வாடகையும் பொதுவாகக் கைக்கு அடங்கும். ஆனால் தெருவுக்குத் தெரு ஊர் மாறும். பல்கலைக்கழகத்தை ஒட்டிய மேற்குப் பகுதியில் மாணவர் சத்தம், கடலோர பிராட்டி ஃபெரியில் அமைதி, அதற்கேற்ற விலை. வீட்டை நேரில் பார்க்காமல் முன்பணம் கட்ட வேண்டாம் என்பது எல்லா ஊருக்கும் பொருந்தும். டண்டீக்கு இரண்டு தடவை பொருந்தும். தெருவை இருட்டிய பிறகு ஒருமுறை நடந்து பாருங்கள். மலிவாகப் பழைய டீசல் கார் வாங்கும் எண்ணம் இருந்தால், நகர மையம் குறைந்த மாசு மண்டலம். விதிக்கு ஒவ்வாத வண்டிக்கு 60 பவுண்டு அபராதம்.

ஸ்காட்லாந்தில் வெயில் அதிகம் விழும் நகரம் தங்களுடையது என்று டண்டீக்காரர்கள் மார்தட்டுவார்கள். மே மாதத்தில் கடலிலிருந்து ‘ஹார்’ என்னும் மூடுபனி ஏறி வந்து எதிர்க்கரையையே மறைக்கும்போது அவர்களிடம் இதைச் சொல்லிப் பார்க்கலாம். பேச்சும் தனி ரகம். ‘பை’ வாங்கப் போனால் ‘பெ’ என்பார்கள். முதல் மாதம் தலையாட்டிவிட்டு வருவதே வழி.

## பெர்த்: ஊர் நடுவில், வாழ்க்கை மெதுவில்

நம் ஊரில் பெர்த் என்று சொன்னாலே “ஆஸ்திரேலியாவில் வெயில் எப்படி?” என்கிறார்கள். அந்தப் பெர்த்துக்குப் பெயர் போனதே இங்கிருந்துதான். இது வழிகள் சந்திக்கும் ஊர். கிளாஸ்கோ ஒரு மணி நேரம், டண்டீ அரைமணிக்கும் குறைவு, இன்வர்னஸ் இரண்டு மணிக்குச் சற்று அதிகம். வடக்கு இஞ்ச், தெற்கு இஞ்ச் என்று ஊரின் இரு பக்கமும் பெரிய புல்வெளிகள், அவற்றின் ஓரமாக டே ஆறு. டெலிவரித் தொல்லை நகரத்துக்குள் பெரும்பாலும் இல்லை.

மெதுவான ஊர் என்பதை ஒளிக்க மாட்டேன். மாலை ஆறு மணிக்குக் கடைவீதி அடங்கிவிடும். சராசரி வயது கூடுதல். இருபத்தைந்து வயதில் தனியாக வருபவருக்கு நான் இந்த ஊரைச் சொல்ல மாட்டேன். ரயில்களும் ஸ்டர்லிங் அளவுக்கு அடிக்கடி இல்லை, எடின்பரோ வண்டி ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு வெகு நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும். ஆற்றை ஒட்டிய தரைத்தள வீடு என்றால் வெள்ள வரைபடத்தைப் பாருங்கள். 1993 ஜனவரி வெள்ளத்துக்குப் பிறகுதான் இங்கே தடுப்புச் சுவர்கள் எழுந்தன.

ஆனால் ஆட்களைத் தெரிந்துகொள்வது எனக்கு இங்கேதான் எளிதாக இருந்தது. எங்கள் வீடு ‘டெனமென்ட்’ என்னும் பழைய அடுக்குவீடு. எட்டுக் குடும்பத்துக்கு ஒரே படிக்கட்டு, அதை ‘குளோஸ்’ என்பார்கள். வந்த இரண்டாம் வாரம் கதவுக் குமிழில் ஓர் அட்டை தொங்கியது: இந்த வாரம் படி கழுவும் முறை உங்களுடையது. நான் வாளியோடு நின்றபோது மேல்வீட்டுப் பாட்டி இறங்கி வந்து, தண்ணீர் அதிகம், துடைப்பான் தப்பு என்று இரண்டு குறை சொல்லிவிட்டு, தேநீருக்கும் அழைத்தார். மழைத் தூறலும் சாம்பல் வானமுமாக இருக்கும் நாளுக்கு ‘ட்ரீக்’ என்று பெயர் என அவர்தான் சொன்னார். இன்வர்னஸில் நான் இருந்த புதுக் குடியிருப்பில் ஆறு மாதமாகியும் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாது. அது ஊரின் குற்றமா, வீட்டு அமைப்பின் குற்றமா என்று கேட்டால், இரண்டாவதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

## ஊரைவிட வீடு முக்கியம்

நாள் முழுக்க உள்ளேயே உட்காரப் போகிறீர்கள். அலுவலகம் போகிறவர் காலையும் இரவும் மட்டும் ஹீட்டர் போடுவார், நீங்கள் பகலெல்லாம் போடுவீர்கள். கேஸ் கொதிகலனா, மின்சாரமா என்பதை வாடகைக்கு முன்னால் கேளுங்கள். இரவில் சூடேறிப் பகலில் விடும் ‘ஸ்டோரேஜ் ஹீட்டர்’ உள்ள வீட்டில் காலை சூடாக இருக்கும். மாலை நான்கு மணிக்கு, இருட்டிய நேரம் பார்த்து, அது ஓய்ந்துவிடும். வீடு எவ்வளவு மின்சாரமும் கேஸும் இழுக்கும் என்று காட்டும் ஆற்றல் தரச் சான்றின் எழுத்தையும் பாருங்கள். வாடகை 50 பவுண்டு குறைவான வீடு குளிர்காலத்தில் அதை இரண்டு மடங்காகப் பிடுங்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

துணியை வீட்டுக்குள் உலர்த்தினால் ஜன்னல் வேர்த்து, மூலையில் பூஞ்சை பிடிக்கும். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று வாங்கிவிடுங்கள். இணைய வேகத்தைத் தெருவை வைத்து நம்பாதீர்கள், கதவு எண் வரை போட்டுச் சரிபாருங்கள். தெருவுக்கு ஃபைபர் வந்திருக்கும், மூன்றாம் மாடிக்கு ஏறியிருக்காது. பழைய கல்வீட்டுச் சுவர் வைஃபையை விழுங்கும் என்பதால் மேசை எந்த அறையில் என்பதையும் பார்க்கும்போதே முடிவு செய்யுங்கள்.

அப்புறம் சமையல். 2022 பிப்ரவரி முதல் ஸ்காட்லாந்து வீடுகளில் தீ எச்சரிக்கை மணிகள் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும் என்பது சட்டம். சமையலறையில் இருப்பது வெப்பத்துக்கு மட்டுமே அலறும், கூடத்தில் இருப்பது புகைக்கு. மிளகாய் வற்றலைத் தாளித்துவிட்டுச் சமையலறைக் கதவைத் திறந்து வைத்தால் கூடத்து மணி அடிக்கும், அது அடித்தால் வீட்டிலுள்ள எல்லா மணியும் அடிக்கும். திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் என் ஒலிவாங்கி திறந்திருந்தபோது இது நடந்தது. கதவும் நல்ல புகைப்போக்கியும் உள்ள தனிச் சமையலறை வாடகைக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கத் தகுந்தது. இட்லி மாவு பொங்க அடுப்புப் பெட்டிக்குள் (ஓவன்) விளக்கை மட்டும் எரியவிட்டு இரவெல்லாம் வையுங்கள். விளக்கு இல்லாத அடுப்புப் பெட்டி என்றால் ஸ்டோரேஜ் ஹீட்டர்மேல் ஒரு பலகை.

இன்னும் தயக்கம் என்றால் இரண்டு ஊரைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் நான்கு நாள் தங்கி, லேப்டாப்போடு முழு நாள் வேலை செய்து பாருங்கள். அதற்கு ஜூனில் வராதீர்கள். ஜனவரி கடைசி வாரத்தில் வாருங்கள், அறை வாடகையும் அப்போதுதான் குறைவு.